சிங்கப்பூரின் டிமென்ஷியா விழிப்புணர்வு நம் வீட்டுக்குள் வந்திருக்கிறதா?

கேள்வி சுருக்கமாக இது: “பேருந்து நிலையம், எம்ஆர்டி ரயில் நிலையம், சமூக மன்றம் என்று எங்கே பார்த்தாலும் டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் பற்றி ஏதாவது ஒட்டியிருக்கிறார்கள். அரசாங்கம் இவ்வளவு செய்வதால் உண்மையிலேயே பலன் உண்டா? என் மாமியாருக்கு 74 வயது. கொஞ்ச காலமாகச் சொன்னதையே திரும்பச் சொல்கிறார், சமையலில் தடுமாறுகிறார். கணவரும் நாத்தனாரும் ‘வயசானா அப்படித்தான்’ என்கிறார்கள். நான் எடுத்துச் சொன்னால் மருமகள் குறை சொல்கிறாள் என்றாகிவிடுகிறது.”

பலன் உண்டு. அதற்கு எண்ணிக்கையில் சான்றும் இருக்கிறது. ஆனால் அந்தப் பலன் தெருவில் தெரிகிற அளவுக்கு வீட்டுக்குள் தெரியவில்லை, அதிலும் நம் தமிழ் வீடுகளுக்குள். முதியோர் பராமரிப்பில் பல ஆண்டுகள் வேலை செய்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன், மருத்துவர் இல்லை. நோயின் பெயரை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்ற கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் அறிகுறி கண்ணில் பட்ட நாளுக்கும், டாக்டர் முன்னால் போய் உட்காரும் நாளுக்கும் நடுவில் எவ்வளவு காலம் கழிகிறது? விழிப்புணர்வு வேலை செய்கிறதா என்பதை அதில்தான் பார்க்கவேண்டும்.

முதலில், என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். 2013 வாக்கில் சுகாதார மேம்பாட்டு வாரியம் இதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. எரிக் கூ இயக்கத்தில் ஒரு தொலைக்காட்சிப் படம்கூட வந்தது. இப்படி ஒரு நோய் இருக்கிறது என்று சொல்வதே அப்போது பெரிய வேலை. 2016இல் போக்கு மாறியது. அந்த ஜனவரியில் லியன் அறநிறுவனம், கூ டெக் புவாட் மருத்துவமனை, ஆல்சைமர் நோய்ச் சங்கம் மூன்றும் சேர்ந்து ஈசூனில் ‘ஃபர்கெட் அஸ் நாட்’ இயக்கத்தைத் தொடங்கின. கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளி மாணவர் என்று அந்த வட்டாரத்தில் அன்றாடம் முதியவர்களைச் சந்திக்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் அதன் மையம். சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பும் அதே ஆண்டில் டிமென்ஷியாவுக்கு உகந்த வட்டாரங்களை உருவாக்கும் வேலையில் இறங்கியது. 1990இல் தொடங்கப்பட்ட ஆல்சைமர் நோய்ச் சங்கம் 2021இல் ‘டிமென்ஷியா சிங்கப்பூர்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இந்த மாற்றம் ஏன் முக்கியம்? சுவரொட்டி பார்க்கிறவருக்குத் தகவல் கிடைக்கிறது, அவ்வளவுதான். வழி தெரியாமல் நிற்கும் ஒரு தாத்தாவைப் பார்த்ததும் என்ன செய்வது என்று ஒரு பஸ் ஓட்டுநருக்குத் தெரிந்திருந்தால், அந்தத் தாத்தா அன்று இரவு வீட்டுக்குப் போய்ச் சேருவார். அதற்காகத்தான் ‘கோ-டு பாயிண்ட்’ என்ற இடங்கள் வந்தன. வழி தவறிய முதியவரை அங்கே அழைத்துப் போய் விடலாம். பயிற்சி பெற்ற ஊழியர்கள் குடும்பத்தைத் தேடித் தொடர்புகொள்வார்கள். பல எம்ஆர்டி நிலையங்களும் பேருந்துச் சந்திப்பு நிலையங்களும் முதியோர் நிலையங்களும் இதில் இருக்கின்றன. பொதுமக்களுக்கு ‘கைண்ட்’ என்று நாலு எழுத்தில் ஒரு சூத்திரம் சொல்லித் தருகிறார்கள்: அறிகுறியைக் கவனி, அன்பாகப் பேசு, என்ன தேவை என்று பார், உதவிக்கு அழை. டிமென்ஷியா சிங்கப்பூரின் ‘காரா’ செயலியில் நோயாளியைப் பதிவு செய்து வைத்தால், அவர் காணாமல் போகும்போது செயலி வைத்திருக்கும் மற்றவர்களுக்குத் தகவல் அனுப்ப முடியும். மாமியார் விஷயத்தில் மருத்துவர் உறுதி செய்தால் முதல் வாரத்திலேயே செய்யவேண்டிய காரியம் இது. ஒருமுறை தொலைந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. தோ பாயோ பேருந்துச் சந்திப்பு நிலையத்தில் 2022இல் பழைய காலத்தை நினைவூட்டும் படங்களை வழிகாட்டியாகத் தரையிலும் சுவரிலும் வரைந்தார்கள். கெபுன் பாரு வட்டாரத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளில் பெரிய பெரிய படங்களையும் வண்ணங்களையும் தீட்டியிருக்கிறார்கள். புளோக் எண்ணை மறந்துவிடுகிறவருக்கும் சின்ன வயதில் பார்த்துப் பழகிய பொருள் நினைவில் இருக்கும். புதிய நினைவுகள் முதலில் போகும், பழையவை நீண்ட நாள் தங்கும் என்பது இந்த நோயின் இயல்பு. அதைப் புரிந்துகொண்டு செய்த வேலை இது. அதோடு, அந்தச் சுவரைக் கடந்து தினமும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் “இது எதற்கு?” என்று கேட்பார்கள். யாராவது பதில் சொல்லியாகவேண்டும்.

இப்போது பலன். மனநலக் கழகம் தலைமையில் ‘வைஸ்’ என்ற ஆய்வு 2013இலும் பிறகு 2023இலும் நடந்தது. முதல் ஆய்வில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு டிமென்ஷியா இருந்தது. இரண்டாவதில் அது 8.8 விழுக்காடாகக் குறைந்தது. விகிதம் குறைந்தாலும் ஆள் எண்ணிக்கை ஏறியிருக்கிறது: ஏறக்குறைய 52,000 பேராக இருந்தது 74,000 ஆகிவிட்டது, ஏனென்றால் முதியவர்களே அதிகமாகிவிட்டார்கள். 2030இல் குடிமக்களில் நாலில் ஒருவர் 65 வயதைத் தொட்டிருப்பார்.

இந்த இரண்டு எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. டிமென்ஷியா இருந்தும் அது கண்டறியப்படாமலே இருந்தவர்களின் பங்கு 2013இல் 70.6 விழுக்காடு. 2023இல் 51.5 விழுக்காடு. பத்து வருடத்தில் இது பெரிய இறக்கம். சுவரொட்டிகள், பயிற்சிகள், பலதுறை மருந்தகங்களில் (பாலிகிளினிக்) விரிவான சேவை, படித்த தலைமுறை மூப்படைவது என்று பல காரணங்கள் சேர்ந்துதான் இது நடந்திருக்கும். விளம்பரத்துக்கு மட்டும் பெருமையைக் கொடுக்க முடியாது. அரசாங்கத்தின் முயற்சி வீண்போகவில்லை என்று நான் சொல்வதற்கு இந்த எண்ணே காரணம். ஆனால் இதையே திருப்பிப் படித்துப் பாருங்கள். நோய் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது இன்னும் கண்டறியப்படவில்லை. உங்கள் மாமியார் அந்தப் பாதியில் இருக்கக்கூடும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஏன் அந்தப் பாதி அப்படியே இருக்கிறது? தகவல் இல்லாததால் மட்டும் இல்லை. 2019இல் ஆல்சைமர் நோய்ச் சங்கமும் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 5,600 பேருக்கும் அதிகமானவர்களிடம் ஒரு கருத்தாய்வு நடத்தின. டிமென்ஷியா உள்ளவர்களில் 72 விழுக்காட்டினர் ஒதுக்கப்பட்டதாகவும் தனிமைப்பட்டதாகவும் உணர்ந்தார்கள். பராமரிப்பவர்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் வெளியிடத்தில் அவர்களைக் கவனித்துக்கொள்ளும்போது கூச்சப்பட்டதாகச் சொன்னார்கள். கூச்சப்படுகிற குடும்பம் டாக்டரிடம் தாமதமாகத்தான் போகும்.

நம் வீடுகளில் இந்தக் கூச்சம் எப்படி வருகிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் பொதுவான பிரசாரத்தில் இது வராது. முதல் அறிகுறி பெரும்பாலும் மறதியாகவே தெரிவதில்லை, சண்டையாகத் தெரிகிறது. “என் சங்கிலியை எடுத்தது யார்?” என்று ஆரம்பிக்கும். வைத்த இடம் மறந்துபோனதால் காணாமல் போன பொருளை, மனம் திருட்டு என்று எழுதிக்கொள்கிறது. சந்தேகம் பணிப்பெண் மேல் விழும், இல்லாவிட்டால் மருமகள் மேல். பணிப்பெண் அழுதுகொண்டு ஏஜென்சிக்குப் போன் செய்வார். அடுத்தவர் வருவார், அதே பிரச்சினை. மூன்றாவது ஆள் வரும்போதுதான் யாருக்காவது தோன்றும், பிரச்சினை வேலைக்கு வந்தவர்களிடம் இல்லையோ என்று. மருமகள் மேல் விழுந்தால் இன்னும் மோசம். நோய் என்று சொல்வதற்கு அந்த வீட்டில் வாய் திறக்க உரிமையே இல்லாதவர் அவர்தான். நாள் முழுக்கக் கூட இருந்து கவனிக்கிறவரும் அவர்தான். உங்கள் நிலைமை இதுதான் என்று நினைக்கிறேன்.

சமையல் அடுத்தது. நாற்பது வருஷமாகக் கைப்பழக்கத்தில் வைத்த குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுகிறது, அல்லது விழாமலே போகிறது. பல வேலைகளை வரிசையாகச் செய்யும் திறன் மறதிக்கு முன்னாலேயே குறைய ஆரம்பிக்கலாம். சமையல், மருந்து எடுத்துக்கொள்வது, பில் கட்டுவது இந்த மூன்றிலும் அது வெளிப்படும். கோலம் பாதியில் நிற்பது, வழக்கமாகப் போகும் கோயிலுக்கு வேறு பஸ் ஏறிவிடுவது, ஒரே கதையை அரைமணி நேரத்தில் மூன்று தடவை சொல்வது எல்லாம் கவனிக்கவேண்டியவை. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் உள்ளது. சாவி எதற்கு என்பதே குழம்பினால், பழகிய காரியத்தில் தடுமாறினால், அது வயது இல்லை. உங்கள் கேள்வியிலேயே சமையல் தடுமாற்றம் வந்துவிட்டது.

இதையெல்லாம் நம் வீடுகளில் மூடி மறைத்துவிடுகிறோம். அப்பா பேச்சில் தடுமாறினால் அம்மா முடித்துவைப்பார். பாட்டி மறந்தால் பேத்தி எடுத்துக்கொடுப்பாள். அன்பினால் செய்வதுதான், ஆனால் அதனாலேயே வெளியூரிலிருந்து வரும் பிள்ளைக்கும், வாரம் ஒருமுறை வந்துபோகும் நாத்தனாருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. வருகிற ஒரு மணி நேரத்தில் மாமியார் நன்றாகப் பேசுவார், பழைய கதை சொல்வார், எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்ப்பது அவ்வளவுதான்.

இங்கே அரசாங்கத்திடமும் சமூக அமைப்புகளிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. தகவல் தமிழில் வருகிறது, நான்கு மொழியிலும் அச்சிடுகிறார்கள், அது உண்மை. ஆனால் தமிழில் அச்சிட்டதைப் படிக்கத் தமிழ் முதியவர் அந்த இடத்துக்கு வரவேண்டும். துடிப்பாக மூப்படைதல் நிலையத்தில் பத்துப் பேர் மாண்டரினில் பேசிச் சிரிக்கும் மேசையில் ஒரு தமிழ்ப் பாட்டி எத்தனை நாள் உட்காருவார்? அடுத்த வாரம் வரமாட்டார். அவர் நிச்சயம் வருகிற இடம் வேறு: வெள்ளிக்கிழமை கோயில், பள்ளிவாசல், தேவாலயம், தேக்கா சந்தை. அவர் கேட்கிறது ஒலி 96.8 தமிழ் வானொலி. அன்னதானம் முடிந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் தமிழ் தெரிந்த ஒரு தாதி கால்மணி நேரம் பேசுவது நூறு துண்டுப்பிரசுரத்துக்குச் சமம் என்று நான் நம்புகிறேன். பரிசோதனையும் அப்படித்தான். நினைவாற்றல் சோதனையில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மொழியும் படிப்பும் வேண்டியிருக்கிறது. தமிழில் மட்டும் வாழ்ந்த ஒருவரை ஆங்கிலத்தில் கேட்டு, பக்கத்தில் இருக்கும் மகன் அவசரமாக மொழிபெயர்த்தால் முடிவு சரியாக வராது. தமிழில் கேட்கச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். உங்கள் உரிமை அது.

பிரசாரத்தில் சத்தம் குறைவாக வருகிற இரண்டு விஷயங்கள் நமக்கு ரொம்பத் தேவை. ஒன்று நீரிழிவு. இங்கே இந்தியர்களிடம் நீரிழிவு சீனர்களைவிட அதிகம், அது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மூளையின் மெல்லிய ரத்தக் குழாய்களைக் கெடுத்து டிமென்ஷியாவுக்கு வழி வைக்கும் என்பது அவ்வளவாகப் பதியவில்லை. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024இல் மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் 45 விழுக்காடு வரையிலான டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பட்டியலில் நீரிழிவு, ரத்த அழுத்தம், புகை, உடல் உழைப்பின்மை, தனிமை இருக்கின்றன. காது கேளாமையும் இருக்கிறது. காது கேட்காத மாமாவை “கூப்பிட்டா காதுல விழாது” என்று விட்டுவிடுகிறோம், அவர் பேச்சிலிருந்து மெல்ல ஒதுங்கிவிடுகிறார். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கண், காது, பல் மூன்றையும் பார்க்கும் ‘புராஜெக்ட் சில்வர் ஸ்கிரீன்’ 2018இலிருந்து நடக்கிறது. காதுக் கருவிக்குத் தகுதியுள்ளவர்களுக்கு அரசாங்கத்தின் முதியோர் நடமாட்ட நிதி உதவும். இதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தும் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் நிறைய வேண்டும்.

இரண்டாவது, எல்பிஏ எனப்படும் நீண்டகால அதிகாரப் பத்திரம். மனத்திறன் சட்டம் 2010இல் நடப்புக்கு வந்தது. 21 வயது நிறைந்த யாரும், பின்னால் தன் மனத்திறன் போய்விட்டால் பணத்தையும் பராமரிப்பையும் முடிவு செய்ய ஒருவரை நியமிக்கலாம். இதில் ஒரே ஒரு கண்டிப்பு: நியமிக்கும்போது மனத்திறன் இருக்கவேண்டும். அது போன பிறகு எல்பிஏ செய்ய முடியாது. குடும்பம் நீதிமன்றத்துக்குப் போய்ப் பிரதிநிதியாக நியமிக்கும்படி மனுப்போட வேண்டும். செலவும் காலமும் அதிகம். வங்கிக் கணக்கில் பணம் இருந்தும் அம்மாவின் மருத்துவச் செலவுக்கு எடுக்க முடியாமல் பிள்ளைகள் தவிப்பதை நான் பார்த்திருக்கிறேன். “அம்மா உயிரோட இருக்கும்போதே சொத்துப் பேச்சா?” என்ற தயக்கம் நம்மிடம் அதிகம். ஆனால் இது உயில் இல்லை. அம்மா உயிரோடு இருக்கும்போது அவருக்காகத்தான் இது. ஆரம்ப நிலை டிமென்ஷியா என்று சொல்லிவிட்டாலே எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. பத்திரம் புரிகிறதா என்று சான்றளிக்கும் மருத்துவரோ வழக்கறிஞரோ பார்த்துச் சொல்வார். அதனால்தான் சீக்கிரம் போகவேண்டும் என்கிறேன்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். ‘டிமென்ஷியா’ என்ற சொல்லையே எடுக்காதீர்கள், இப்போதைக்கு. கணவரிடம் “அத்தைக்கு ஒரு முழு ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்போம்” என்று தொடங்குங்கள். இது தந்திரம் இல்லை, மருத்துவத்தில் முதல் படியே அதுதான். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு எல்லாம் டிமென்ஷியா போலவே காட்டும், சரிசெய்யவும் முடியும். மாமியார் சைவம் என்றால், அல்லது சர்க்கரைக்கு நீண்டகாலமாக மெட்ஃபார்மின் எடுக்கிறார் என்றால், பி12 குறைய வாய்ப்பு அதிகம். “வயசு” என்று விட்டுவிட்டால் இந்தச் சாதாரணக் காரணங்களும் சேர்ந்தே தப்பிவிடும். இந்த வாதத்துக்கு நாத்தனாராலும் மறுப்புச் சொல்ல முடியாது.

போவதற்கு முன்னால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: என்ன நடந்தது, எந்தத் தேதி, எப்போதிலிருந்து. ‘மறக்கிறார்’ என்று எழுதாமல், ‘அடுப்பில் பால் வைத்துவிட்டுப் படுக்கப் போனார்’ என்று எழுதுங்கள். நாத்தனாரை ஒரு நாள் முழுக்க வந்து இருக்கச் சொல்லுங்கள், நீங்கள் வெளியே போய்விடுங்கள். நீங்கள் பத்து மாதம் பேசிப் புரியாதது அன்று ஒரே நாளில் புரியும். அரசாங்கத்தின் ‘ஹெல்தியர் எஸ்ஜி’ சுகாதாரத் திட்டத்தில் மாமியார் பதிந்திருக்கும் குடும்ப டாக்டர் இருந்தால் அவரிடம் தொடங்கலாம். சர்க்கரைக்கோ அழுத்தத்துக்கோ பாலிகிளினிக் போகிறவர் என்றால் அங்கேயே கேளுங்கள். பாலிகிளினிக் பரிந்துரையோடு போனால் மருத்துவமனையின் நினைவாற்றல் மருந்தகத்தில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம் கிடைக்கும். மாமியார் ஊரிலிருந்து நீண்டகால வருகை அனுமதியில் வந்திருப்பவர் என்றால் அந்தச் சலுகைகள் பொதுவாகப் பொருந்தாது. அதைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள். கணவர் கூட வரவேண்டும். நீங்கள் மட்டும் அழைத்துப் போனால் நாளைக்குப் பழி உங்கள் மேல்தான்.

பணிப்பெண் இருந்தால், பராமரிப்பாளர் பயிற்சி மானியத்தை அவர் பயிற்சிக்கும் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. நோய் முற்ற முற்றப் பின்னாளில் கற்ற ஆங்கிலமும் மலாயும் கரைந்து, தாய்மொழி மட்டும் மிஞ்சுவது உண்டு. பணிப்பெண் தமிழ் பேசத் தெரிந்தவராக இருந்தால் பாதிச் சண்டை குறையும்.

ஒருவேளை டாக்டர் டிமென்ஷியா என்றே உறுதி செய்தால், டிமென்ஷியா சிங்கப்பூரின் உதவி எண் 6377 0700, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் எண் 1800 650 6060. பகல்நேரப் பராமரிப்பு நிலையம், மானியம், வீட்டில் செய்யவேண்டிய மாற்றம் எல்லாவற்றையும் அங்கே கேட்கலாம். மாமியாருக்காக மட்டும் இல்லாமல் உங்களுக்காகவும் கூப்பிடுங்கள். பராமரிப்பவர்களுக்கான ஆதரவுக் குழுக்களும் இருக்கின்றன. கணவர் கூச்சப்பட்டால் முதல் அழைப்பை நீங்களே செய்யலாம், அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.